மஞ்சள் கறையை எடுக்கக் கொடுத்த கம்பளம் பாழாகி வந்தது: புதுச்சேரியில் இருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டுக்கே வந்து கம்பளம், சோபா ஆகியவற்றைச் சுத்தம் செய்து தருவதாகத் துண்டுச்சீட்டு கொடுத்து ஆள் பிடிக்கும் ஒரு நிறுவனத்தை நம்பி, லாசுப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்திருந்த காஷ்மீர்க் கம்பளத்தை இழந்துவிட்டோம். புகார் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. இதே வேலையை இதே முறையில் செய்பவர்கள் இன்னும் பலர் இருக்கக்கூடும்.

உறவினர்கள் வந்திருந்த ஒரு நாளில் காபியும் சாம்பாரும் கம்பளத்தில் கொட்டிவிட்டன. காபிக் கறையை வீட்டிலேயே எடுத்துவிட்டோம். வெள்ளைப் பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தபின், ஒரு கோப்பை குளிர்ந்த நீரில் கால் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினோம். பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் அதில் போயின. வெந்நீரை ஊற்றியிருந்தால் அந்தப் புரதம் இழையிலேயே இறுகியிருக்கும். மிஞ்சிய பழுப்பு நிறத்துக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றினோம், அதுவும் போய்விட்டது. சாம்பாரின் எண்ணெயும் பெரும்பாலும் போய், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் நிறம் மட்டுமே எஞ்சியது. அதற்காகத்தான் அவர்களை அழைத்தோம்.

வந்த இளைஞர்கள் இருவரும் கம்பளம் எந்த இழையால் ஆனது என்று கேட்கவில்லை. கறை எதனால் ஏற்பட்டது என்றும் கேட்கவில்லை. எந்த மூலையிலும் சோதித்துப் பார்க்காமல், ஒரு வாளித் தண்ணீரில் வெள்ளைத் தூளைக் கரைத்து நேராகக் கறையின்மேல் ஊற்றிக் கடினமான பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கினார்கள். மஞ்சளாக இருந்த இடம் கண்முன்னே செங்காவியாக மாறியது. நான் பதறியபோது, "கறை கரையுது சார், பயப்படாதீங்க" என்றார் ஒருவர். கறை கரையவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி, சுண்ணாம்பு, சலவைச் சோடா போன்ற காரப் பொருள் பட்டால் சிவந்துவிடும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பதும் இதனால்தான். அவர்கள் கரைத்தது காரமான சலவைத் தூள் என்பது அந்த நிறத்திலேயே தெரிந்துபோயிற்று.

நிறுத்தச் சொன்னேன். உடனே அவர்களுடைய முதலாளி தொலைபேசியில் பேசி, கம்பளத்தைத் தங்கள் கிடங்குக்கு எடுத்துச் சென்று இயந்திரத்தில் அலசினால்தான் சிவப்பு போகும் என்றும், பாதியில் விட்டால் அது நிரந்தரமாகிவிடும் என்றும் அச்சுறுத்தும் தொனியில் சொன்னார். பேசிய தொகைக்குமேல் "கெமிக்கல் சார்ஜ்" என்று இன்னும் பணம் கேட்டு, அதை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். கொடுத்த ரசீதில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

ஐப்பசி மழையின்போது, சொன்ன நாளெல்லாம் கடந்தபின், கம்பளம் பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்டு வந்தது. பிரித்ததும் பிளீச் நெடியும் பூஞ்சை வாடையும் ஒன்றாக எழுந்தன. கறை இருந்த இடத்தில் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. அதோடு கம்பளத்தின் சொந்த நிறமும் இல்லை. அங்கே விரலால் வருடினால் இழைகள் தேங்காய் நார்போல் சொரசொரத்து, மெல்ல இழுத்ததும் கையோடு வந்தன. முடிச்சுகளின் அடியில் பருத்திப் பாவு நூல் தெரிந்தது. மாதுளை நிற ஓரத்தின் சாயம் பக்கத்து வெள்ளைப் பூக்களில் இறங்கியிருந்தது. பல மாதங்கள் உட்கார்ந்து, கையால் ஒவ்வொரு முடிச்சாகப் போட்ட ஒருவரின் உழைப்பு இப்படிச் சிதைந்ததைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கம்பளி என்பது ஆட்டு மயிர். நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த பிளீச், மஞ்சளை வெளுக்கச் செய்யும்போதே அந்தப் புரதத்தையும் அரிக்கிறது; செறிவு கூடினால் இழையைக் கரைத்தே விடும். இது சலவைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அடிப்படைப் பாடம். தெரியாமல் செய்தார்கள் என்றால் பணம் வாங்கும் தகுதி அவர்களுக்கு இல்லை. தெரிந்தே செய்தார்கள் என்றால் அது மோசடி. முதலாளியைக் கேட்டதற்கு, கம்பளம் ஏற்கெனவே மக்கியிருந்தது என்று பழியை எங்கள்மீதே திருப்பிவிட்டார்.

ஆகவே, யாரை அழைத்தாலும் முதலில் இழை எது என்பதை நீங்களே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிடுங்கி, சமையலறைத் தொட்டிக்கு மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: முடி கருகும் வாடையோடு தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது கம்பளி, உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை இழை. சாயம் நிற்குமா என்பதை அறிய, ஈரமான வெள்ளைத் துணியை மறைவான மூலையில் சிறிது நேரம் அழுத்தி வைத்தால் போதும்.

மஞ்சள் நிறம் மட்டும் மிஞ்சியிருந்தால் அவசரம் வேண்டாம். குர்குமின் வெயிலில் தானாகவே வெளிறக்கூடியது. கம்பளத்தின் மற்றப் பகுதியைத் துணியால் மூடிவிட்டு, கறையில் மட்டும் காலை வெயில் படும்படி சிறிது சிறிதாக வைத்துப் பார்க்கலாம். இதை வேறொரு சிறிய விரிப்பில் செய்து பலன் கண்டபின்னரே எழுதுகிறேன். ஆனால் கம்பளத்தின் சாயமும் வெயிலில் மங்கும் என்பதால் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். எதைச் செய்தாலும், கடைசியில் வெறும் நீரால் ஒற்றி, உலர்ந்த துண்டை மேலே போட்டுக் கனம் வைத்து, மின்விசிறிக் காற்றில் அன்றைக்கே உலர்த்திவிட வேண்டும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் இரண்டு நாள் நனைந்து கிடந்தால் பூஞ்சைக்கு அதுவே போதும். பிளீச் பட்ட இடத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் வினிகரை ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சைத் திணறடிக்கும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிப்பு ஏற்பட்ட 2 ஆண்டுகளுக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்க முடியும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கம்பளத்தைக் கொடுப்பதற்கு முன் எடுத்த படங்கள், பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, அவர்கள் எழுதிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். உதிர்ந்த இழைகளைக்கூட நாங்கள் ஒரு உறையில் போட்டு, மனுவோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.