சிறு விமான இருக்கை: தேன்கூட்டு அடுக்கா, வளையும் காலா, மெத்தையா?

இருவர் அமரும் சிறு விமானத்தை வடிவமைக்க முனையும் மதுரைப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் தரும் கவனத்தை இருக்கைக்குத் தருவதில்லை. இருக்கையைத் தையற்கடை வேலையாகவே கருதுகிறார்கள்.

1988-இல் அமெரிக்காவில் வந்த விதி இருக்கையை வேறு கண்ணோடு பார்த்தது. அது கேட்ட கீழ்நோக்கிய மோதல் சோதனையில், 77 கிலோ மனித உருவப் பொம்மையை அமர்த்திய விமானியின் இருக்கை நொடிக்கு 9.4 மீட்டருக்குக் குறையாத வேகத்திலிருந்து நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ நான்கரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம் அது. வேகம் குறையும் வீதம் உச்சத்தில் புவியீர்ப்பைப்போல் 19 மடங்கை எட்டவேண்டியிருந்தது. ஆனாலும் பொம்மையின் இடுப்பு முதுகெலும்பில் 680 கிலோவுக்கு மேல் சுமை ஏறக்கூடாதென்றது விதி. உடலை எவ்வளவு தூரத்தில், எவ்வளவு சீரான விசையோடு நிறுத்துகிறோம் என்பதே இங்கு கேள்வி.

அந்தக் கணக்கில், தேன்கூடுபோல் மெல்லிய தகட்டறைகளால் ஆன அலுமினியத் தேன்கூட்டு அடுக்கே முதலிடம் பெறும். நசுங்கத் தொடங்கியபின் அது கடத்தும் விசை ஏறத்தாழ மாறாதிருக்கும். எடையும் மிகக் குறைவு. சிர்ரஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் சிறு விமான இருக்கைகளின் அடியில் இதுவே இருக்கிறது. ஆனால் ஒருமுறை நசுங்கினால் மீளாது என்பதால், அவ்விருக்கைமேல் மண்டியிடவோ ஏறி நிற்கவோ கூடாதென்று கையேடே எச்சரிக்கிறது. பலர் ஏறி இறங்கும் பயிற்சி விமானத்தில் இந்தக் கட்டுப்பாடு நிலைக்குமா என்பது என் ஐயம்.

இருக்கையைத் தாங்கி, மோதலில் வளைந்துகொடுக்கும் எஃகுக் கால்கள் எடை கூடியவை. கீழிறங்க இடமும் கேட்பவை. எனினும் சேதம் கண்ணுக்குத் தெரியும். வரைபடம் கொடுத்தால் மதுரையை அடுத்த கப்பலூர்ப் பட்டறைகளிலேயே குழாயை வளைத்து வாங்கலாம்.

தடித்த மென்மெத்தையை மட்டும் நம்புவதுதான் ஆபத்து. இருக்கைத்தட்டு நின்றுவிட்ட பிறகும் உடல் மெத்தைக்குள் வேகம் குறையாமல் இறங்கி, அது முழுதும் அமுங்கியதும் தட்டில் மோதும்; அப்போது முதுகெலும்பு வாங்கும் அடி, மெத்தையே இல்லாத இருக்கையில் கிடைப்பதைவிடக் கூடுதலாகலாம். வேகமாக அழுத்தினால் இறுகும் சிறப்பு ஃபோம் இந்தக் குறையைப் பெரிதும் தீர்க்கிறது. ஆனால் அது குளிரில் விறைத்து வெப்பத்தில் இளகும் பொருள். சித்திரை வெயிலில் நிறுத்திய விமானத்துக்குள் அது குளிரூட்டிய அறையில் சோதித்த ஃபோமாக இருக்காது.

ஆகவே மதுரை மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வளையும் கால்களும் அவற்றின்மேல் மெல்லிய சிறப்பு ஃபோமும்தான். அப்படிச் செய்தால், இருக்கைக்கு அடியில் பையையோ தண்ணீர்க் கேனையோ திணிக்க இடமில்லாதபடி இருபுறமும் அடைத்துவிட வேண்டும். கால் வளைந்து இறங்கவேண்டிய இடம் அது.