மதுரையில் எடுத்த எஃப்.என்.ஏ.சி.யும் ஒற்றை வரி பில்லும்

இந்த முறை ஊருக்குப் போனபோது அக்காவின் தைராய்டு கட்டிகளுக்காக மதுரையில் ஒரு தனியார் லேபுக்குப் போக வேண்டியிருந்தது. நியூ ஜெர்சியில், செல்லையும் திசுவையும் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் பேத்தாலஜி லேபுகளுக்கு கோடிங் போட்டு, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் அதற்கான கோடு எண்ணைப் போட்டு, பில் அனுப்புவதுதான் என் வேலை. அதனால் அங்கே நடந்ததை விவரமாக எழுதி வைக்கத் தோன்றியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஊசி குத்தி செல் எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி.க்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "ஸ்கேன் பார்த்து எடுத்தா ஆயிரத்து எண்ணூறு சார்" என்று கவுன்டரில் இருந்த பெண் உடனே சொன்னார். ஜிபேயில் கட்டினோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டு, வலப்பக்கம் ஒரு கட்டி, இடப்பக்கம் ஒரு கட்டி என இரண்டிலும் எடுத்தார்கள். மறுநாள் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிட்டது.

அமெரிக்காவில் இதே சோதனைக்கு நம் கையிலிருந்து என்ன செலவாகும் என்று கவுன்டரில் இப்படி உடனே சொல்வது அபூர்வம். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் தனி கோடு: ஸ்கேன் பார்த்து முதல் கட்டியில் ஊசி போட 10005, அடுத்த கட்டிக்கு 10006. செல்லைப் பார்த்து ரிப்போர்ட் எழுத 88173. எடுத்த செல் போதுமா என்று அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் 88172. எடுத்த செல்லை மெழுகில் பதித்து சீவிப் பார்க்கும் செல் பிளாக் செய்தால் 88305. இதில் பேத்தாலஜி வேலைக்கு லேபின் பங்கு தனி, டாக்டரின் பங்கு தனி என்று இரண்டு பில்லாகவும் வரலாம். இன்சூரன்ஸ்காரர்கள் பார்த்து முடித்து, நம் பங்கு எவ்வளவு என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும். அந்த அவஸ்தை ஊரில் இல்லாதது பெரிய நிம்மதி.

ஆனால் பில்லில் 'எஃப்.என்.ஏ.சி. தைராய்டு – 1' என்று ஒரே வரிதான். ரிப்போர்ட்டும் அப்படியே: 'தைராய்டு, பெத்தெஸ்டா இரண்டாம் வகை'. பெத்தெஸ்டா என்பது தைராய்டு எஃப்.என்.ஏ.சி. முடிவுகளை வகை பிரிக்கும் முறை; இரண்டாம் வகை என்றால் புற்றுக்கான அடையாளம் இல்லை. அக்காவுக்கு உயிர் வந்தது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எந்தக் கட்டியைச் சொல்கிறார்கள்? வலதா, இடதா, இரண்டுமா?

அக்கா மகள் சென்னையில் மெடிக்கல் கோடிங் கம்பெனியில் இருக்கிறாள். அவள் ராத்திரி ஷிஃப்டில் பார்ப்பதெல்லாம் அமெரிக்க பேத்தாலஜி ரிப்போர்ட்தான். போனில் அனுப்பினேன். "மாமா, இப்படி வந்தா எங்க ஆடிட்டர் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள். உண்மைதான். ரிப்போர்ட்டுக்கான 88173 கோடு, செல் எடுத்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று. எத்தனை முறை குத்தினார்கள், எத்தனை ஸ்லைடு என்பது கணக்கில்லை. இரண்டு இடத்துக்கு பில் போட வேண்டுமென்றால் ரிப்போர்ட்டில் இரண்டு இடத்துக்கும் தனித்தனி முடிவு இருந்தாக வேண்டும். பணத்துக்காக வந்த கட்டுப்பாடுதான். ஆனால் நோயாளிக்கு அதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பதை இந்தத் தடவைதான் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் லேபுக்குப் போய்க் கேட்டோம். பேத்தாலஜிஸ்ட் அம்மா முகம் சுளிக்காமல் ஸ்லைடுகளை எடுத்து மறுபடியும் பார்த்தார். வலது இரண்டாம் வகை சரி. இடப்பக்க ஸ்லைடில் ரத்தம்தான் அதிகம், செல் போதவில்லை; அது முதல் வகை, அதாவது எதையும் முடிவு சொல்ல முடியாது. குறைந்தது ஆறு செல் கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் பத்து செல்லாவது இருந்தால்தான் பொதுவாகப் போதுமென்று எடுத்துக்கொள்வார்கள். அதாவது இடது கட்டியைப் பற்றி எதுவுமே தெரியாமல் 'புற்று இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. காசு வாங்காமல் திரும்ப எடுத்துத் தந்தார்கள். நல்லவேளை, அதுவும் இரண்டாம் வகைதான்.

அப்புறம் பில். அக்காவின் பாலிசியில் வெளிநோயாளி செலவு கிடையாது. ஆனால் ஆபரேஷன் என்று அட்மிட் ஆனால் அதற்கு முந்தைய முப்பது நாள் பரிசோதனைகளை கிளெய்ம் பண்ணலாம். அதற்கு விவரமான பில் கேட்பார்கள். "பிரேக்கப் எல்லாம் குடுக்கறதில்ல சார்" என்றவர்கள், மேனேஜரிடம் சொன்ன பிறகு ஸ்கேன், ஊசி, ரிப்போர்ட் என்று மூன்று வரியில் எழுதி சீல் வைத்துத் தந்தார்கள்.

எஃப்.என்.ஏ.சி.க்குப் போகிறவர்கள் எத்தனை இடத்தில் எடுத்தார்கள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் அத்தனை இடத்துக்கும் முடிவு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் போகும் முன்பே லேபுக்குத் திரும்பிப் போங்கள். வேறு டாக்டரிடம் காட்டுவதானால் ஸ்லைடையும் கேட்டு வாங்கலாம், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள்.