எத்தனை செட், கடைசி செட் எப்படி? புல்தரை டென்னிஸின் ஆட்ட முறைகள்: ஓர் ஒப்பீடு

மதுரையில் டென்னிஸ் ஆடுகிறவர்களுக்குப் புல்தரை என்பது ஜூன் கடைசியில் டிவியில் வருவது. நாங்கள் ஆடுவது செம்மண் கோர்ட்டில், இல்லையென்றால் சிமென்ட் மேல் பெயின்ட் அடித்த கோர்ட்டில். விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் மதியம் ஒன்றரைக்கு ஆட்டம் தொடங்கும்போது இங்கே மாலை ஆறு மணி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் முதல் செட் பாதியில் இருக்கும். மறுநாள் காலை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஆடவரும் எங்கள் கூட்டத்தில் அந்த இரண்டு வாரமும் வேறு பேச்சே கிடையாது. அதில் வருஷா வருஷம் தீராத வழக்கு ஒன்று உண்டு: ஒரு ஆட்டம் எத்தனை செட் (குறைந்தது இரண்டு கேம் வித்தியாசத்தில் முதலில் ஆறு கேம் எடுப்பவருக்கு ஒரு செட்) இருக்க வேண்டும், கடைசி செட்டை எப்படி முடிக்க வேண்டும்?

மற்ற தரைகளைவிடப் புல்தரையில்தான் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். பந்து தாழ்வாக எழும்பி வழுக்கிக்கொண்டு போகும். நல்ல சர்வீஸ் கைவசம் இருப்பவரிடமிருந்து ஒரு கேமைப் பறிப்பது (இதுதான் பிரேக்) பெரும்பாடு. 2001இல் விம்பிள்டன் முழுக்க ரை வகைப் புல்லுக்கு மாறிய பிறகு பந்து முன்பைவிட நன்றாக எழும்புகிறது என்றாலும் சர்வீஸின் ஆதிக்கம் போய்விடவில்லை. இரண்டு பேரும் தங்கள் சர்வீஸைக் காப்பாற்றிக்கொண்டே போனால் ஸ்கோர் ஏறிக்கொண்டே போகும். அப்போது எந்த விதியில் ஆடுகிறார்கள் என்பதே யார் ஜெயிப்பார் என்பதை மாற்றிவிடும்.

மூன்றா, ஐந்தா?

மூன்று செட் போதும் (இரண்டை எடுத்தால் வெற்றி) என்பவர்களுக்கும் ஐந்துதான் வேண்டும் (மூன்றை எடுத்தால் வெற்றி) என்பவர்களுக்கும் நம் ஊர்க்காரர்களின் ஆட்டங்களே சாட்சி சொல்லும். மூன்று ஆட்டங்களை எடுத்துக்கொள்கிறேன்.

1966, கல்கத்தா சவுத் கிளப் புல்தரை. நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் பிரேசிலுக்கு எதிரான கடைசி ஆட்டம். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனும் தாமஸ் கோக்கும் மோதினார்கள். 3-6, 6-4, 10-12 என்று கிருஷ்ணன் பின்தங்கினார். நான்காவது செட்டில் 2-5. அங்கிருந்து 7-5 என்று அந்த செட்டை எடுத்து, ஐந்தாவதை 6-2 என்று முடித்தார். இந்தியா முதல்முறையாக இறுதிச் சுற்றுக்குப் போனது அப்படித்தான். மூன்று செட் ஆட்டமாக இருந்திருந்தால் 10-12 என்ற இடத்திலேயே கதை முடிந்திருக்கும்.

சரி, இப்போது மறுபக்கம். 1979 விம்பிள்டன் இரண்டாவது சுற்றில் விஜய் அமிர்தராஜ் எதிரே பியான் போர்க். முதல் மூன்று செட் முடிந்தபோது விஜய் 6-2, 4-6, 6-4 என்று முன்னால் இருந்தார். நான்காவது செட்டிலும் முன்னால்தான் இருந்தார். போர்க் அதை டை-பிரேக்கரில் (கேம் சமமாக நின்றால் பாயின்ட் எண்ணி செட்டை முடிக்கும் முறை) பிடித்து, ஐந்தாவதை 6-2 என்று எடுத்துக்கொண்டு, அந்த வருஷம் நான்காவது முறையாகக் கோப்பையும் வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து, 1981 காலிறுதியில் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டும் விஜய்க்கு: 6-2, 7-5. மூன்று செட் ஆட்டமென்றால் விஜய் கைகுலுக்கிவிட்டு அரையிறுதிக்குப் போயிருப்பார். ஐந்து செட் ஆட்டம், அடுத்த மூன்றையும் கானர்ஸ் 6-4, 6-3, 6-2 என்று எடுத்தார்.

இந்த இரண்டு தோல்வியும் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் புல்தரைப் பெரிய போட்டியில் ஐந்து செட்தான் சரி என்பேன். கிருஷ்ணனுக்குக் கிடைத்த அவகாசம்தான் போர்க்குக்கும் கானர்ஸுக்கும் கிடைத்தது. புல்தரையில் ஒரே ஒரு பிரேக்கில் ஒரு செட் போய்விடும்; மூன்று செட்டில் அந்த மாதிரி இரண்டு சறுக்கல் போதும், மேலான ஆட்டக்காரர் வெளியே. ஐந்து செட்டில் எதிராளியின் சர்வீஸைப் படிக்க நேரம் இருக்கிறது. கானர்ஸ் அன்றைக்குச் செய்தது அதைத்தான்.

இதனால் மூன்று செட் ஆட்டம் சோடை என்று ஆகிவிடாது. 1970 விம்பிள்டன் பெண்கள் இறுதியாட்டத்தில் மார்கரெட் கோர்ட் பில்லி ஜீன் கிங்கை வென்ற ஸ்கோர் 14-12, 11-9. இரண்டே செட்டில் 46 கேம். 2005 இறுதியில் வீனஸ் வில்லியம்ஸ் ஒரு மேட்ச் பாயின்ட்டை (எதிராளி எடுத்தால் ஆட்டமே முடியும் பாயின்ட்) தடுத்து, லின்ட்சே டேவன்போர்ட்டை 4-6, 7-6, 9-7 என்று வென்றார். இரண்டே முக்கால் மணி நேரம். அதைப் பார்த்தவர் யாரும் இன்னும் இரண்டு செட் வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆண்கள் இரட்டையரை 2023லிருந்து விம்பிள்டன் மூன்று செட்டாகக் குறைத்ததிலும் எனக்கு வருத்தமில்லை.

கடைசி செட்

உண்மையான தகராறு இங்கேதான். இதுவரை புல்தரைப் பெரிய போட்டிகளில் கையாண்ட முக்கிய வழிகள் நான்கு. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடுவது ஒன்று. ஒரே பாயின்ட்டில் தலையெழுத்தை முடிக்கும் பழைய அமெரிக்க முறை ஒன்று. 12-12 வரை விட்டு, அப்புறம் டை-பிரேக்கர் வைப்பது ஒன்று. இப்போதுள்ளபடி 6-6 ஆனவுடன் பத்து பாயின்ட் டை-பிரேக்கருக்குப் போவது கடைசி.

முதலாவதற்கு ஆதரவாளர்கள் எங்கள் கூட்டத்தில் நிறைய. அதில் முக்கியமானவர் எங்கள் கிளப் மார்க்கர் அண்ணன். முப்பது வருஷத்துக்கு மேல் மெம்பர்களுக்குப் பந்து போட்டு ஆடவைத்த மனிதர். "டை-பிரேக்கர்ல தோத்தவன் பாதி தோத்தவன்தான் தம்பி. சர்வீஸை விட்டுட்டுத் தோக்கணும், அப்பத்தான் அவனே ஒத்துக்குவான்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2008 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரரை நடால் ஐந்தாவது செட்டில் 9-7 என்று வென்றபோது இங்கே இரவு மணி ஒன்றே முக்கால். அங்கே இருட்டு கவிந்துவிட்டது, இன்னும் இரண்டு கேம் ஓடியிருந்தால் மறுநாளைக்குத் தள்ளியிருப்பார்கள். நடால் கடைசியில் ஒரு பிரேக் எடுத்து, தன் சர்வீஸையும் காத்து ஜெயித்தார். யாரும் குறை சொல்ல இடமில்லாத முடிவு. அடுத்த வருஷ இறுதியில் ஃபெடரரிடம் தோற்ற ஆன்டி ராடிக், ஆட்டம் முழுவதும் ஒரே ஒரு முறைதான் சர்வீஸை விட்டார். அது கடைசி கேம். 16-14.

1974இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை இந்தியா 3-2 என்று வென்ற டேவிஸ் கோப்பைப் போட்டியையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். டேவிஸ் கோப்பைக்கு டை-பிரேக்கர் வந்ததே 1989இல்தான். அமிர்தராஜ் சகோதரர்கள் விஜயும் ஆனந்தும் இரட்டையர் ஆட்டத்தை 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று எடுத்தார்கள். அந்த ஓர் ஆட்டம் மட்டும் 99 கேம். ஐந்து ஆட்டமும் சேர்ந்து 327 கேம். மே மாத வெயிலில்.

ஆனால் இந்த முறை எங்கே போய் முட்டும் என்பதை 2010 விம்பிள்டன் காட்டிவிட்டது. ஜான் இஸ்னர், நிக்கோலா மாஹு, முதல் சுற்று, 18ஆம் நம்பர் கோர்ட். முதல் நாள் இரண்டு செட்டுக்கு இரண்டு செட் என்று நின்றது. இரண்டாம் நாள் முழுக்க ஐந்தாவது செட் ஓடி 59-59இல் இருட்டியது. 47-47 வந்தபோது ஸ்கோர் போர்டே நின்றுபோனது. அதற்கு மேல் எண்ண அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் 70-68 என்று இஸ்னர் முடித்தார். மொத்தம் 11 மணி 5 நிமிடம். எனக்கு அதில் இஸ்னரைவிட மாஹுவின் கணக்குதான் மலைப்பாக இருக்கிறது. ஐந்தாவது செட்டில் அவர் இரண்டாவதாக சர்வ் செய்தவர். 4-5லிருந்து ஒவ்வொரு முறை சர்வ் போடும்போதும் அந்த கேம் போனால் ஆட்டமே போச்சு. அப்படி 64 கேமைக் காப்பாற்றி, அறுபத்தைந்தாவதில் விழுந்தார். மொத்தப் பாயின்ட்டில் அவர்தான் முன்னால்: 502க்கு 478. ஜெயித்த இஸ்னருக்கு என்ன கிடைத்தது? அடுத்த சுற்றில் தியெமோ டி பாக்கரிடம் 6-0, 6-3, 6-2 என்று, 74 நிமிடத்தில் தோல்வி. உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

அதே இஸ்னர் 2018 அரையிறுதியில் கெவின் ஆண்டர்சனிடம் 26-24 என்று தோற்றார். ஆறரை மணி நேரத்துக்கு மேல். அதனால் அடுத்து அதே கோர்ட்டில் ஆட இருந்த ஜோகோவிச்சும் நடாலும் இரவில் தொடங்கி மறுநாள் முடிக்க வேண்டியதாயிற்று. இறுதியாட்டத்தில் ஆண்டர்சன் முதல் இரண்டு செட்டை 2-6, 2-6 என்று கொடுத்தார். ஒருவரின் நீண்ட ஆட்டம் அவரோடு நின்றுவிடுவதில்லை, அடுத்து ஆடவேண்டியவரையும் பாதிக்கிறது. மார்க்கர் அண்ணனிடம் இதைச் சொன்னால் பதில் வராது, அடுத்த பந்துதான் வரும்.

அமெரிக்க முறையை நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஜிம்மி வான் ஆலன் கண்டுபிடித்தது. ஃபாரஸ்ட் ஹில்ஸ் புல்தரையில் அமெரிக்க ஓப்பன் நடந்த காலத்தில், 1970இலிருந்து 1974 வரை, 6-6 ஆனால் ஒன்பது பாயின்ட். முதலில் ஐந்து எடுத்தவருக்கு செட். 4-4 ஆனால் ஒரே பாயின்ட், அது இருவருக்குமே செட் பாயின்ட். கடைசி செட்டிலும் இதே. கோர்ட்டில் சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார்களாம், கூட்டம் அங்கே ஓடும். பார்க்கப் பரபரப்பு, ஆடுகிறவனுக்கு அநியாயம். வலைநாடாவில் பட்டு உருண்டு விழுகிற ஒரு பந்துக்காக நாலு மணி நேர உழைப்பை விட்டுக்கொடுக்க முடியாது. இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும் என்ற விதி வந்ததால்தான் 1980 விம்பிள்டன் இறுதி கிடைத்தது: போர்க், மெக்கன்ரோ, நான்காவது செட் டை-பிரேக்கர், 18-16. போர்க்கின் ஐந்து மேட்ச் பாயின்ட்டை அந்த டை-பிரேக்கருக்குள்ளேயே மெக்கன்ரோ தடுத்தார். ஐந்தாவது செட்டில் டை-பிரேக்கர் கிடையாது. போர்க் 8-6 என்று ஐந்தாவது கோப்பையை வாங்கினார். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறையின் சிறப்பும் இருக்கிறது.

அப்புறம் 12-12. விம்பிள்டன் 2019இல் கொண்டுவந்து மூன்றே வருஷத்தில் கைவிட்ட முறை (2020இல் போட்டியே நடக்கவில்லை). ஒற்றையரில் அது முதன்முதலாக வேலைக்கு வந்தது அந்த வருஷத்து இறுதியாட்டத்தில். 2019 ஜூலை 14 எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கு அடிதடி நடந்த நாள். லார்ட்ஸில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி, விம்பிள்டனில் ஃபெடரர், ஜோகோவிச். அங்கே ஆட்டமும் டை, சூப்பர் ஓவரும் டை, கடைசியில் பவுண்டரி எண்ணிக் கோப்பை கொடுத்தார்கள். இங்கே 8-7, 40-15இல் ஃபெடரர் கையில் இரண்டு மேட்ச் பாயின்ட். இரண்டும் போயின. 12-12 வரை ஆடி, டை-பிரேக்கரில் 7-3 என்று ஜோகோவிச் வென்றார். ஃபெடரர் எடுத்த பாயின்ட் 218, ஜோகோவிச் 204. ஆட்டத்தில் நடந்த மூன்று டை-பிரேக்கரும் ஜோகோவிச்சுக்கு.

ஃபெடரர் ரசிகனாக அன்று தூங்காமல் கிடந்தேன். ஆனால் விதியைக் குறை சொல்ல மாட்டேன். 6-6க்குப் பிறகு இன்னும் பன்னிரண்டு கேம் இரண்டு பேருக்கும் கிடைத்தது. பிரேக் எடுத்து முடிக்க இருவருக்கும் போதிய வாய்ப்பு. அப்படியும் பிரியவில்லையென்றால் டை-பிரேக்கர். கிரிக்கெட்காரர்கள் அன்று பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது டென்னிஸ் பந்தை அடித்துத்தான் முடிவுக்கு வந்தது. நான்கில் புல்தரைக்கு நான் கைதூக்குவது இதற்குத்தான்.

2022லிருந்து நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) 6-6இல் பத்து பாயின்ட் டை-பிரேக்கர். ஒரே விதி எங்கும் என்ற வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. 2024 பெண்கள் அரையிறுதியில் ஜாஸ்மின் பவோலினி, டொன்னா வேகிச்சை 10-8 என்று வென்ற முடிவு எவ்வளவு இறுக்கமாக இருந்தது! ஆனால் 2025இல் பாரிஸ் களிமண்ணில் அல்கராஸ், சின்னர் ஐந்தரை மணி நேரம் சரிக்குச் சரியாக மோதியபின் கடைசி டை-பிரேக்கர் 10-2 என்று ஒருபக்கமாய் சரிந்தது. புல்தரையில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். நன்றாக சர்வ் செய்கிற இருவரில் ஒருவர் ஆரம்பத்தில் இரண்டு பாயின்ட் கோட்டைவிட்டால், அதைத் திருப்பிப் பிடிக்க எட்டு பத்து பாயின்ட் போதவே போதாது.

நம்ம ஊர் டோர்னமென்ட்டுக்கு

விம்பிள்டனுக்கு 12-12 என்று சொல்கிற நான் மதுரையில் அதைக் கேட்கப்போவதில்லை. நம் கோர்ட்டில் பந்து எழும்பி நின்று அடிக்க வாகாக வருகிறது. இரண்டாவது சர்வீஸை ஊட்டிவிடுகிற மாதிரி போடும் எங்களைப் போன்றவர்களுக்கு பிரேக் செட்டுக்கு இரண்டு மூன்று விழும். 70-68 வரும் என்ற பயம் இல்லை. இங்கே பிரச்சினை வெயிலும் கோர்ட் நேரமும்தான். காலை ஒன்பதுக்கு மேல் சிமென்ட் கோர்ட்டில் ஷூ அடி சுடும்.

ஆகவே முதல் சுற்றுகளுக்கு எட்டு கேம் ஒரே செட், 8-8 ஆனால் ஏழு பாயின்ட் டை-பிரேக்கர். காலிறுதியிலிருந்து இரண்டு முழு செட், ஆளுக்கொன்று ஆனால் மூன்றாவதற்குப் பதில் பத்து பாயின்ட். இதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளாதது டியூஸில் (கேமில் 40-40) ஒரே பாயின்ட்டோடு கேமை முடிப்பதை இறுதியாட்டம்வரை நீட்டுவது. நேரம் மிச்சம் என்கிறார்கள். ஃபாரஸ்ட் ஹில்ஸின் சிவப்புக் கொடியை ஒவ்வொரு கேமுக்கும் ஏற்றுகிற வேலை அது. முதல் சுற்றில் வைத்துக்கொள்ளட்டும். இறுதியாட்டத்தை மாலை ஐந்தரைக்குத் தொடங்கி, லைட் போட்டு, அட்வான்டேஜோடு (டியூஸுக்குப் பிறகு இரண்டு பாயின்ட் வித்தியாசம் வரும்வரை) மூன்று முழு செட் ஆடவிட வேண்டும். மூன்றாவது செட்டிலும் 6-6 வந்தால் மட்டும் டை-பிரேக்கர்.