நகுர்ஸ்கியா, பெட்னாரிக்கா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (கையால் பந்தை எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்') தலைசிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கு வருடாவருடம் இரண்டு பெரிய விருதுகள். பிரான்கோ நகுர்ஸ்கி கோப்பையை அமெரிக்கக் கால்பந்து எழுத்தாளர் சங்கம் 1993 முதல் தருகிறது. சக் பெட்னாரிக் விருதை மேக்ஸ்வெல் கால்பந்து கிளப் 1995 முதல். பல வருடங்களில் இரண்டும் ஒரே ஆளுக்குத்தான் போகும். 2019-இல் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆட்டக்காரர் சேஸ் யங்குக்கு அப்படித்தான்.

2021-தான் சுவாரசியம். அலபாமா பல்கலைக்கழகத்தின் வில் ஆண்டர்சன் கணக்கில் 17.5 சாக், அதாவது எதிரணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு மடக்கி வீழ்த்துவது. நகுர்ஸ்கி அவருக்கு. பெட்னாரிக்கோ ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் டேவிஸுக்கு. தற்காப்பு வரிசையின் நடுவில் மலைபோல் நின்று எதிரணியில் இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவருக்கு வழி திறக்கும். அந்த உழைப்பு கணக்கில் ஏறாது. அதைக் கவனித்துக் கொடுத்ததால் அந்த வருடம் என் ஓட்டு பெட்னாரிக்குக்கே. அப்புறம் 2022-இல் ஆண்டர்சன் இரண்டையும் வாங்கிவிட்டார்.