கிளட்ச் பிளேட் போச்சு என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

ரங்கூனில் பழைய டவுன் ஏஸ், லைட் ஏஸ் வேன் ஓட்டுகிற நம்மவர்களுக்காக எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை. கோயிலில் பார்த்துப் பழகிய ஆள், அதனால்தான் நம்பிப் போனேன்.

என் வேன் பயின்னவுங் சந்தையில் உளுந்து மூட்டை ஏற்றிக்கொண்டு தான்லின் போய்வரும். மழை தொடங்கியதும் கிளட்ச் பெடல் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. முதல் இரண்டு விரற்கடை சும்மா இறங்கும், கியர் நறநறவென்று விழும். "பிளேட் போச்சு தம்பி. கவர், பேரிங் எல்லாம் சேர்த்து மாத்திடுவோம்" என்றார் பட்டறைக்காரர். நாலரை லட்சம் கியாட். பழைய சாமானைக் கேட்டதற்கு, காயலான்காரன் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். சரி என்று வந்துவிட்டேன்.

பதினைந்து நாள் சத்தமே இல்லை. அப்புறம் அதே கீச். ஒருநாள் பாரத்தோடு தான்லின் பாலம் ஏறும்போது இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை, கருகல் வாடை வேறு.

அக்கரையில் ஒரு வயதான பர்மிய மெக்கானிக்கிடம் விட்டேன். அக்கோ (பர்மிய மொழியில் அண்ணன், அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) முதலில் வண்டிக்கு அடியில் படுத்தார். கியர்பாக்ஸ் போல்ட்டுகளில் பழைய சேறு அப்படியே காய்ந்து கிடந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கியர்பாக்ஸை இறக்காமல் பிளேட்டை மாற்ற முடியாது!

அடுத்து டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். பெடலை மிதித்தால் கிளட்ச் ஆயிலை அழுத்தி அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர்; அதன் பிஸ்டனைத் தள்ளுகிற கம்பிதான் புஷ் ராடு. பெடலையும் அந்த ராடையும் இணைக்கிற பின் (ஆணி) நடுவில் இடுப்புபோல் தேய்ந்திருந்தது. பெடலில் அது நுழையும் ஓட்டை முட்டை வடிவம். அந்த ஆணி கழன்று விழாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு கரண்ட் கம்பி முறுக்கியிருந்தது. அது அறுந்திருந்தால் பாலத்தின் மேலேயே கிளட்ச் இல்லாமல் நின்றிருப்பேன்.

முதல் பட்டறைக்காரர் செய்தது இரண்டே வேலை. ஸ்பிரே ஆயில் அடித்திருக்கிறார். மிச்சமிருந்த கிரீஸையும் அது கழுவிவிட்டு, இரண்டு வாரத்தில் தானும் காய்ந்துபோனது. சொட்டியதில் பெடல் ரப்பர் வழுக்கி, ஒருமுறை கால் நழுவியது தனிக்கதை. இன்னொன்று, தேய்மானத்தை மறைக்கப் புஷ் ராடை நீட்டி வைத்திருக்கிறார். பெடல் மேலே இருக்கும்போது ராடுக்குக் கொஞ்சம் ஆட்டம் வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, கிளட்ச் ஆயில் அதன் டப்பாவுக்குத் திரும்பிப் போகாது, கிளட்ச் எப்போதும் அரை மிதியிலேயே இருக்கும். நல்ல பிளேட்டைக் கருக்கியது அதுதான்.

கிரீஸ் சத்தத்தை நிறுத்தும், தேய்ந்த இரும்பைத் திரும்பக் கொண்டுவராது. அக்கோ ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்துப் புதிதாகத் துளைத்தார். லேத்தில் கடைந்த புது ஆணி, அது உட்காரும் புது புஷ் வளையம், புது ஸ்பிளிட் பின். பெடல் தண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, லித்தியம் கிரீஸை விரலால் மெல்லத் தடவினார். மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் பக்கம் மட்டும் அந்தக் கிரீஸைக் கொண்டுபோகவில்லை. சாதாரண கிரீஸ் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிவிடும். கடைசியில் ராடைச் சுருக்கி ஆட்டம் வைத்தார். மொத்தம் 35 ஆயிரம்.

முதல் பட்டறைக்குப் போய்க் கம்பித்துண்டைக் காட்டினேன். "அது நான் கட்டுனதே இல்ல தம்பி" என்றார். காசு வரவில்லை. கருகிய பிளேட் திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) வரை தாங்கினால் பெரிய விஷயம் என்கிறார் அக்கோ.