எடுத்து வைப்பதை உண்ணும் விருந்து

ஜப்பானில் சுஷி வல்லுநரின் எதிரே அமர்ந்து, தேர்வு முழுவதையும் அவரிடமே விட்டுவிடுவதை ‘ஒமகாசே’ என்பார்கள். கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் சென்ற வாரம் நாங்கள் உண்ட மதிய விருந்தும் ஏறத்தாழ அதே முறைதான். மெனு அட்டை கிடையாது. ஆளுக்கு 1,500 ரூபாய் என்பது எங்கள் ஊர்ப்பக்கம் சற்றுக் கூடுதலான விலையே.

ஆத்தங்குடிக் கல் பாவிய, வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் இலை போட்டு, முதலில் வெள்ளைப் பணியாரம் வைத்தார்கள். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் கோபுரமாக உளுந்தைக் குவித்து ஊறவைத்து அரைக்கும் அந்த மாவை எண்ணெயில் கரண்டியால் ஊற்றும்போது, ஓரம் பூவாக விரிய வேண்டும், ஆனால் நிறம் சிவந்துவிடக் கூடாது. இங்கே இரண்டும் கச்சிதமாக அமைந்திருந்தன. சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்ட உப்புக்கறியில் மசாலாப் பொடியின் வாடையே இல்லை, அதுவே அதன் சிறப்பு. மீன் குழம்பில் மட்டும், வெளிநாட்டு விருந்தினரை எண்ணியோ என்னவோ, காரத்தை வெகுவாகக் குறைத்திருந்தார்கள்.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் அந்நாளில் பர்மாவிலிருந்து கொண்டுவந்த கருநிறக் கவுனி அரிசியில் செய்த இனிப்பு நன்றாகக் குழைந்திருந்தும், ஆறிப்போய் வந்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல் சூடாக வேறு கொண்டுவந்தார்கள். முன்பதிவு அவசியம், நாங்கள் முதல் நாளே சொல்லி வைத்திருந்தோம்.