1981–87 செவ்ரோலே சி10 பிக்கப்: டேஷ்போர்டுக்கு மேல்மூடி போதுமா?

வெயிலில் வெடித்த டேஷ் பேடை (டேஷ்போர்டின் மேலுள்ள மெத்தைப் பகுதி) கழற்றாமல் அதன் மேலேயே ஒட்டும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூடி இது. கொடுக்கும் காசுக்கு நல்ல பொருள்தான். ஆனால் ஒட்டுவதற்கு முன் செய்யும் வேலையில்தான் எல்லாம் இருக்கிறது.

வெடிப்பின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். பிளேடால் சீவி மட்டமாக்காவிட்டால் மூடி அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும், எவ்வளவு அழுத்தினாலும் படியாது. பழைய பாலிஷ் எண்ணெய் மிச்சமிருந்தால் சிலிக்கான் பசை பிடிக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடையுங்கள். பசையில்லாமல் ஒருதரம் பொருத்திப் பாருங்கள். பிறகு ஓரம் முழுக்க சிலிக்கான், மேலே 24 மணி நேரம் மணல் மூட்டை. முன்கண்ணாடிப் பனியைப் போக்கும் காற்று வரும் டிஃப்ராஸ்டர் துவாரத்துக்குள் பசை வழியவே கூடாது.

பளபளப்பு அசலைவிடக் கொஞ்சம் தூக்கல். கண்காட்சி வண்டியென்றால் முழுப் பேடையே மாற்றுங்கள்.